மார்க்கோனி: ஓட்டல் மாடியில் ஏறிய விஞ்ஞானி



மார்க்கோனி என்ற பெயரைக் கேட்டாலே நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது இரண்டு மார்க் கேள்விதான். கம்பியில்லாத் தந்தியைக் கொண்டு வந்தவர் யார்? மார்க்கோனி. எந்த ஆண்டு? 1895. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த மனிதர் 1895-க்குப் பிறகு இன்னும் 42 ஆண்டுகள் வாழ்ந்தார். நோபல் பரிசு வாங்கி, பணமும் பட்டமும் சேர்ந்து, தலை நரைத்த பிறகு, தன் 59-வது வயதில் இத்தாலிக் கடற்கரையில் ஓர் ஆடம்பர ஓட்டலை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தார். அந்த வேலையைப் பற்றி நான் படித்த பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. நம் மலரிலாவது அது வரட்டுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் படிப்பும்

குலியெல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலியின் போலோன்யா நகரில் பிறந்தார். தந்தை ஜூசெப்பே மார்க்கோனி பெரிய நிலச்சுவான்தார். தாய் ஆனி ஜேம்சன் அயர்லாந்துக்காரர். உலகம் முழுக்க விற்பனையாகும் ஜேம்சன் விஸ்கி இருக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பெண். ஊருக்கு வெளியே பொன்டெக்கியோ கிராமத்தில் அவர்களுக்கு வில்லா கிரிஃபோனே என்ற மாளிகை இருந்தது.

பேச்சுப் போட்டியில் நாம் வழக்கமாக ஒன்று சொல்வோம். மார்க்கோனி பரீட்சையில் தேறாதவர், பல்கலைக்கழகத்துக்குள் போகாதவர், அப்படியிருந்தும் உலகை வென்றார் என்று கைதட்டு வாங்குவோம். பாதி உண்மை. அவர் போலோன்யா பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர முடியவில்லை என்பது நிஜம். ஆனால் லிவோர்னோ ஊரில் வின்சென்சோ ரோசா என்ற இயற்பியல் ஆசிரியரை வைத்து வீட்டார் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். போலோன்யா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகுஸ்தோ ரீகி அவர்களுக்குத் தெரிந்தவர். அவருடைய சோதனைக் கூடத்தையும் நூலகத்தையும் எட்டிப் பார்க்க வழி கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு பேராசிரியர் பக்கத்து வீட்டில் இருக்கிறார்?

இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பரீட்சையில் தோற்றவன் எப்படி ஜெயித்தான் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் இவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்தால் அவர் பின்னால் ஒரு விஸ்கிக் கம்பெனியே நிற்கிறது! அப்படியானால் நம்மைப் போன்றவர்கள் இவரிடமிருந்து எடுத்துக்கொள்ள என்னதான் மிச்சம்? இந்தக் கேள்வியோடு மேலே படியுங்கள்.

மாடி அறையில் அடித்த மணி

மின்காந்த அலைகள் இருக்கின்றன என்று முதலில் சோதனையில் நிரூபித்தவர் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ். அவர் 1894 ஜனவரி முதல் நாள் 36 வயதிலேயே இறந்துபோனார். அவரைப் பற்றி ரீகி எழுதிய இரங்கல் கட்டுரையை, மலைப்பகுதியில் விடுமுறையில் இருந்த இருபது வயது மார்க்கோனி படித்தார். இந்த அலையை வைத்துச் செய்தி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

வீட்டின் மேல்தளத்தில் பட்டுப்புழு வளர்த்த அறைகள்தான் அவருடைய லேப். தீப்பொறி உண்டாக்கும் சுருள் ஒரு பக்கம். உலோகத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் மறுபக்கம். அலை வந்து பட்டால் அந்தத் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். இதற்குக் கோஹரர் என்று பெயர். இங்கே சாவியை அழுத்தினால் அங்கே மணி அடித்தது. நடுவில் கம்பி கிடையாது!

1895-ல் தோட்டத்துக்கு இறங்கினார். ஏரியலை உயரத்தில் கட்டி, இன்னொரு முனையைப் பூமியில் புதைத்தார். தூரம் சட்டென்று கூடிற்று. அண்ணன் அல்போன்சோ ரிசீவரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போனார். சிக்னல் கிடைத்தால் துப்பாக்கியால் சுட வேண்டும் என்பது ஏற்பாடு. வெடிச் சத்தம் கேட்டது. சுமார் இரண்டு கிலோமீட்டர், அதுவும் குன்றைத் தாண்டி! கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் அலை போகும் என்ற முதல் பாடம் அன்றைக்கே அவருக்குக் கிடைத்துவிட்டது. கடைசி வரை அவர் அதை மறக்கவில்லை.

கடலைத் தாண்டிய S

1896-ல் தாயுடன் லண்டன் போனார். ஜூன் 2-ஆம் தேதி காப்புரிமைக்கு மனுப் போட்டார். பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர் பிரீஸ் கை கொடுத்தார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயில் ஐந்தாறு கிலோமீட்டர் கடலைத் தாண்டிச் செய்தி போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் கம்பெனி தொடங்கியாயிற்று. அதே ஜூலையில் இத்தாலியக் கடற்படைக்காக ல ஸ்பேசியா துறைமுகத்தில் செய்து காட்டியபோது 18 கிலோமீட்டர் வரை கிடைத்தது. ல ஸ்பேசியா இருக்கும் கரைக்கு லிகூரியக் கரை என்று பெயர். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்ப வரும்.

1901 டிசம்பர் 12. கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் சிக்னல் ஹில் என்ற குன்று. பேய்க்காற்று. கெம்ப், பேஜட் என்ற இரு உதவியாளர்கள் காற்றாடி பறக்கவிட்டு அதில் ஏரியல் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள். இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து S என்ற எழுத்துக்கான மூன்று புள்ளிகள் வந்ததாக மார்க்கோனி அறிவித்தார். தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர். நிஜமாகவே கேட்டதா, வெறும் இரைச்சலா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அடுத்த சில மாதங்களில் கப்பலில் இருந்தபடி பதிவு நாடாவிலேயே செய்தி வாங்கிக் காட்டிச் சந்தேகத்தைக் குறைத்தார்.

இங்கே நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களின் நடுவிலேயே சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கி, சுவரைத் தாண்டி மணி அடிக்க வைத்தார். 1899-ல் ராயல் சொசைட்டியில் பாதரசக் கோஹரர் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1901-ல் மார்க்கோனி காதில் வைத்துக் கேட்ட ரிசீவரில் இருந்ததும் பாதரசக் கோஹரர்தான். அது இத்தாலியக் கடற்படை வழியாக அவர் கைக்கு வந்தது. அதன் மூலம் போஸின் வேலையே என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். காப்புரிமை வாங்குவதில் போஸ் அக்கறை காட்டவில்லை. மார்க்கோனி ஒன்றையும் விடவில்லை. ஆகவே ரேடியோவைத் தனியாக ஒருவர் கண்டுபிடித்தார் என்று எழுதுவது சரியல்ல. ஹெர்ட்ஸ், லாட்ஜ், பொப்போவ், டெஸ்லா, போஸ் எல்லோருடைய கையும் அதில் உண்டு. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் வேலை செய்ய வைத்தவர் மார்க்கோனி.

1909-ல் ஜெர்மனியின் பிரவுனோடு சேர்த்து இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, அதிலிருந்த இரண்டு தந்தி ஆபரேட்டர்களும் மார்க்கோனி கம்பெனி ஊழியர்கள். அவர்கள் அனுப்பிய அபாயச் செய்தி கேட்டுத்தான் கார்ப்பாத்தியா கப்பல் வந்து 700-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. கடைசி வரை சாவியை விடாமல் இருந்த ஜாக் ஃபிலிப்ஸ் பிழைக்கவில்லை. மார்க்கோனியின் பெயரைச் சொல்லும்போது அந்த ஆபரேட்டரையும் நாம் நினைக்க வேண்டும்.

அதே 1912 செப்டம்பரில், ல ஸ்பேசியாவுக்கு அருகே மார்க்கோனி ஓட்டிய கார் எதிரே வந்த காரோடு மோதியது. வலது கண் போயிற்று. கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டார். வயது 38.

மிதக்கும் சோதனைக் கூடம்

1919-ல் ஒரு கப்பலை விலைக்கு வாங்கினார். ஆஸ்திரிய அரச குடும்பத்துக்காக 1904-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய உல்லாசக் கப்பல் அது. அதற்கு எலெட்ரா என்று பெயர் வைத்தார். பின்னாளில் இரண்டாவது மனைவிக்குப் பிறந்த மகளுக்கும் அதே பெயர்! கப்பலில் விருந்தும் நடக்கும், ராஜாக்களும் வருவார்கள். ஆனால் உள்ளே ஓர் அறை முழுக்க டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும்தான். 1930 மார்ச் 26-ஆம் நாள் ஜெனோவா துறைமுகத்தில் நின்ற எலெட்ராவிலிருந்து சிக்னல் அனுப்பி, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மண்டபத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகளை எரியவைத்தார். உலகமே வாய் பிளந்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இதயக் கோளாறும் வந்துவிட்டது. ஓய்வெடுக்க எல்லா நியாயமும் இருந்தது.

மிராமாரே ஓட்டல்

இப்போது அந்த லிகூரியக் கரைக்கு வருவோம். ஜெனோவாவுக்குக் கிழக்கே, போர்ட்டோஃபினோவுக்கும் ரப்பல்லோவுக்கும் நடுவே சாண்டா மார்கரிட்டா லிகுரே என்று ஓர் ஊர். பின்னால் மலை, முன்னால் வளைகுடா. ஐரோப்பாவின் பணக்காரர்கள் குளிர்காலத்தில் வெயில் காயவும் கோடையில் கடலில் குளிக்கவும் வருவார்கள். கடலைப் பார்த்தபடி வெள்ளை மாளிகை போல நிற்பது மிராமாரே ஓட்டல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. இன்றைக்கும் அது ஐந்து நட்சத்திர ஓட்டல்தான். அங்கே ஓர் இரவு தங்க ஆகும் காசு நம் ஒரு செமஸ்டர் செலவைத் தாண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த ஊரைத்தான் மார்க்கோனி மைக்ரோவேவ் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள அலைகளை அப்போது மைக்ரோவேவ் என்றார்கள். முப்பது வருடம் எல்லோரும் நீண்ட அலைகளின் பின்னால் போனார்கள். ஹெர்ட்ஸும் ரீகியும் போஸும் தொடங்கிய குட்டை அலைகளை ஓரம் கட்டிவிட்டார்கள். காரணம், அவை வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும், அடிவானத்தைத் தாண்டாது என்பது அன்றைய கணக்கு. மார்க்கோனி திரும்பவும் அங்கே போய் நின்றார்.

1931-ல் சாண்டா மார்கரிட்டாவிலிருந்து வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள செஸ்ட்ரி லெவான்டேக்குச் சுமார் 18 கிலோமீட்டர் தூரம் பேசிப் பார்த்தார். மாத்யூ என்ற பொறியாளர் கூடவே இருந்து கருவிகளை உருவாக்கினார். 1932 ஆகஸ்டில் ரோமுக்கு அருகே ரோக்கா டி பாப்பா மலையிலிருந்து 57 சென்டிமீட்டர் அலையில் அனுப்பியது, சார்டினியாத் தீவில் 270 கிலோமீட்டருக்கு அப்பால் கிடைத்தது. அது அடிவானத்தைத் தாண்டிய தூரம். ஆனால் மலை உச்சியிலிருந்து கிடைத்த முடிவு அது. தாழ்வான இடத்திலிருந்து அனுப்பினாலும் இப்படிப் போகுமா?

அதற்குத்தான் 1933 கோடையில் மிராமாரே ஓட்டல். அதன் மாடியில் டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து உயரம் வெறும் 38 மீட்டர். அலை நீளம் சுமார் 60 சென்டிமீட்டர், அதாவது 500 மெகாஹெர்ட்ஸ். சக்தி 25 வாட்! நம் வீட்டு டியூப் லைட்டுக்குக்கூட 40 வாட் வேண்டும். உலோகக் கம்பிகளை வளைவாக அடுக்கிய பிரதிபலிப்பான், அலையை டார்ச் லைட் மாதிரி கடலை நோக்கித் திருப்பியது. ரிசீவர் எலெட்ரா கப்பலில். கப்பல் கரையை விட்டுத் தெற்கே போய்க்கொண்டே இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். 38-க்கு வர்க்கமூலம் சுமார் 6.16. பெருக்கினால் 22 கிலோமீட்டர். கப்பலில் இருந்த ஏரியலின் உயரத்தையும் சேர்த்தால் சுமார் 30. அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். புத்தகப்படி 30 கிலோமீட்டரில் சிக்னல் செத்துப்போக வேண்டும்.

சாகவில்லை! 150 கிலோமீட்டர் வரை பேச்சு கேட்டது. அதாவது ஐந்து மடங்கு. தந்திக் குறிகள் 258 கிலோமீட்டர் தள்ளி போர்ட்டோ சாண்டோ ஸ்டெஃபானோவிலும் கிடைத்தன. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. 1933 ஆகஸ்டில் இத்தாலிய அகாடமிக்கு இந்த முடிவை அறிவித்தார்.

இது எப்படி நடந்தது என்று அன்றைக்கு முழுசாக விளக்க முடியவில்லை. இன்று நாம் படிக்கிறோம். கோடையில் கடல் மேல் சூடான காற்று ஓர் அடுக்காக நிற்கும்போது, அலை அதற்குள் மாட்டிக்கொண்டு குழாய்க்குள் போகிற மாதிரி வளைந்து போகும். இதை டக்டிங் என்கிறோம். காற்றிலுள்ள ஏற்ற இறக்கங்களில் பட்டுச் சிதறியும் போகும், அது டிரோப்போஸ்கேட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த முறையிலேயே பல நாடுகள் நீண்ட தூர இணைப்புகளைக் கட்டின. நம் மைக்ரோவேவ் லேப்பில் கிளிஸ்ட்ரான் பெஞ்சு முன்னால் நின்று ரீடிங் எடுக்கிறோமே, அந்தக் கிளிஸ்ட்ரான் 1937-ல்தான் வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பே, வேறு பழைய வகை வால்வுகளை வைத்துக்கொண்டு மார்க்கோனியும் மாத்யூவும் இதைச் செய்தார்கள். இன்று நம் சட்டைப் பையிலிருக்கும் செல்போன் 900 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அதன் அலை நீளம் 33 சென்டிமீட்டர். மிராமாரே மாடியிலிருந்து போன அலைக்கு அது தம்பி முறை.

1934 ஜூலை 30-ஆம் நாள் இன்னொன்றும் செய்து காட்டினார். செஸ்ட்ரி லெவான்டேயில் மைக்ரோவேவ் கலங்கரை விளக்கம் போல ஒன்றை வைத்தார். எலெட்ராவின் மாலுமி நிற்கும் அறையில் திரையைப் போட்டு மூடிவிட்டார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. கருவியை மட்டும் நம்பி, இரண்டு மிதவைகளுக்கு நடுவே கப்பலைச் சரியாக ஓட்டிக்கொண்டு போனார்கள். மூடுபனியில் துறைமுகம் நுழைய இதுதான் வழி என்று உலகம் பார்த்தது.

மறைக்கக்கூடாத பக்கம்

பெரிய மனிதர் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ முடியாது. மார்க்கோனி 1923-ல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். 1930-ல் இத்தாலிய அகாடமியின் தலைவரானார். அவர் தலைவராக இருந்த காலத்தில் யூத அறிஞர் ஒருவர்கூட அதில் உறுப்பினர் ஆக்கப்படவில்லை. 1935-ல் இத்தாலி எத்தியோப்பியா மேல் படையெடுத்தபோது அதை ஆதரித்துப் பேசினார். தூரத்தில் இருப்பவன் குரலைக் கேட்க வைத்த மனிதர், பக்கத்தில் நசுக்கப்பட்டவன் குரலைக் கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனம் வேறு, நியாயம் வேறு என்பதை நாம் இவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

1937 ஜூலை 20-ஆம் நாள் ரோமில் மாரடைப்பால் இறந்தார். வயது 63. அவருக்காகப் பல நாடுகளில் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனமாயின. அவர் பேசவைத்த காற்று, அவருக்காகவே பேச்சை நிறுத்தியது. எலெட்ராவும் நிலைக்கவில்லை. போரில் ஜெர்மானியர் அதைக் கைப்பற்றினார்கள். 1944 ஜனவரியில் குண்டுவீச்சுக்கு ஆளாகி அட்ரியாட்டிக் கரையில் சிதைந்தது.

நமக்கு என்ன மிச்சம்?

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மார்க்கோனிக்கு இருந்த மாளிகை நமக்கு இல்லை. கப்பல் இல்லை. மிராமாரே ஓட்டலில் ஒரு டீ குடிக்கக்கூட நம்மிடம் வசதி இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு, முயன்றால் போதும், நீயும் மார்க்கோனிதான் என்று நம்மிடம் யாராவது சொன்னால் அது பொய். வசதி பாதி வேலையைச் செய்கிறது. அதனால்தான் ஸ்காலர்ஷிப்பும் நல்ல லேப்பும் நூலகமும் நமக்கும் வேண்டும் என்று சங்கம் கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் மீதிப் பாதி? அந்த ஓட்டலில் மார்க்கோனியைவிடப் பணக்காரர்கள் எத்தனையோ பேர் தங்கியிருக்கிறார்கள். கடலைப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பில்லைக் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் அது அழகான ஓட்டல். மார்க்கோனிக்கு அது கடல் மட்டத்திலிருந்து 38 மீட்டர் உயரம்! அவ்வளவுதான் வித்தியாசம். முடியாது என்று கணக்கு சொன்னபோது, கணக்கைத் திட்டவில்லை. கப்பலில் ஏறிப்போய் அளந்து பார்த்தார். நோபல் பரிசு வாங்கி 24 வருடம் கழித்தும், ஒரு கண்ணோடும் நோயோடும் அளந்து பார்த்தார்.

அளந்து பார்க்கும் அந்தப் பழக்கத்துக்குப் பணம் வேண்டாம். நம் லேப்பில் மீட்டர் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் போன வருட சீனியரின் ரீடிங்கைப் பார்த்து எழுதாமல், நாமே எடுத்து, புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்கலாம். நம் வீட்டு மொட்டை மாடிக்கும் ஓர் உயரம் உண்டு தோழர்களே. அதை வர்க்கமூலம் எடுத்து 3.57-ஆல் பெருக்கிப் பாருங்கள். எவ்வளவு தூரம் தெரியும் என்று வரும். அதற்கு மேலும் போகலாம் என்பதைத்தான் மிராமாரே மாடியில் நின்று அந்த மனிதர் காட்டினார்.

முயல்வோம்! அளப்போம்! உயர்வோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை